வடியும் காதும் வளரும் ஆராய்ச்சியும்

ஆண்டுதோறும் மார்ச் 3 ஆம் திகதி உலகச் செவிப்புலன் தினம் அனுட்டிக்கப்படுகின்றது. அதையொட்டிப் பத்திரிகைக் காரியாலயங்களில் வந்து குவியும் செய்திக் குறிப்புகளில் அண்மைக் காலமாக ஒரே பல்லவிதான்: மரபணுச் சிகிச்சை, செயற்கை நுண்ணறிவு, உட்காதின் மயிர்க்கலங்களை மீண்டும் வளர்த்தல், செவிப்புலனுக்கும் மறதிநோய்க்கும் உள்ள தொடர்பு. காது மருத்துவத்தில் ஆராய்ச்சியின் போக்கே மாறிவிட்டது என்கிறார்கள். ஆதாரமாக ஒரு வரைபடத்தையும் நீட்டுகிறார்கள். மருத்துவச் சஞ்சிகைகளில் வெளிவரும் பல்லாயிரம் கட்டுரைகளின் தலைப்புகளையும் திறவுச்சொற்களையும் கணினியிலிட்டு எண்ணி, எந்தச் சொல் ஏறுகிறது, எந்தச் சொல் இறங்குகிறது என்று கோடு கீறுவது இன்று தனியொரு ஆய்வுத்துறையாகவே வளர்ந்துவிட்டது. ஏறுகின்ற சொல் முன்னேற்றத்தின் அடையாளம். இறங்குகின்ற சொல் தீர்ந்துபோன பிரச்சினை. இப்படித்தான் அந்த வரைபடம் வாசிக்கப்படுகின்றது.

இந்த வாசிப்பு பிழையானது என்பதே எனது வாதம். காது மருத்துவத்தில் ஒரு நோய் ஆராய்ச்சியாளரின் மேசையை விட்டு நீங்குவதற்கு அந்த நோய் ஒழிய வேண்டியதில்லை. பணமுள்ளவன் வீட்டை விட்டு வெளியேறினாலே போதும். வெளியேறிய நோய் எந்த வீட்டில் போய்க் குடியேறியது என்பதை எந்த வரைபடமும் காட்டுவதில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து தொடங்குவோம். அயர்லாந்தின் டப்ளின் நகரில் வில்லியம் வைல்ட் என்றொரு சத்திரசிகிச்சை நிபுணர் இருந்தார். கண்ணுக்கும் காதுக்குமென 1844 இல் அங்கு ஒரு வைத்தியசாலையை நிறுவியவர். 1853 இல் அவர் வெளியிட்ட காதுச் சத்திரசிகிச்சை நூல் இத்துறையின் மூலநூல்களில் ஒன்றாக மதிக்கப்படுகின்றது. காதின் பின்புறத்தில் அவர் இட்ட வெட்டுக்கு அவருடைய பெயரே நிலைத்துவிட்டது. அவருடைய மகன்தான் எழுத்தாளர் ஒஸ்கார் வைல்ட். சிறையிலிருந்த காலத்திலேயே காதுநோயால் அவதிப்பட்ட அவர், 1900 நவம்பர் 30 ஆம் திகதி பாரிஸ் நகர ஹோட்டல் ஒன்றில் தமது 46 ஆவது வயதில் இறந்தார். காதில் நாட்பட்டிருந்த சீழ் மூளையுறைக்குப் பரவியதே காரணம் என்பது அவரது நோயை ஆராய்ந்த மருத்துவ வரலாற்றாளர் பலரின் முடிவு. நாட்டின் தலைசிறந்த காது வைத்தியருக்குப் பிறந்த பிள்ளையையும் சீழ் கொண்டுபோன காலம் அது.

அரண்மனை, குடிசை என்று பாராது சீழ் புகுந்த அந்தக் காலத்தில் ஆராய்ச்சி முழுவதும் சீழைச் சுற்றியே நின்றது. 1873 இல் ஜேர்மனியைச் சேர்ந்த ஹேர்மன் ஷ்வாட்சே, காதுக்குப் பின்னுள்ள எலும்பைக் குடைந்து சீழை வெளியேற்றும் சத்திரசிகிச்சையை ஒழுங்குபடுத்தி எழுதினார். அதன் பின்னர் அறுபது, எழுபது ஆண்டுகளுக்குக் காது வைத்தியர் என்றால் உளியும் சுத்தியலும் ஏந்தியவர் என்றே பொருள். 1930களில் சல்பா மருந்துகள் வந்தன. 1940களில் பெனிசிலின் வந்தது. மேற்கு நாட்டு வைத்தியசாலைகளின் காதுநோயாளர் விடுதிகள் சில ஆண்டுகளுக்குள் வெறிச்சோடின. இது மாபெரும் வெற்றி. அதில் ஐயமில்லை.

ஆனால் அந்த வெற்றிக்குப் பின்னர் நடந்ததைத்தான் நாம் கவனிக்க வேண்டும். தேர்ந்த கைகள் வேலையின்றி நின்றன. அவை வேறொரு நோயைத் தேடிக்கொண்டன. நடுக்காதில் ஏந்தியுரு என்றொரு சிறிய எலும்பு உண்டு. அது இறுகிப்போய் அசையாமல் நின்று செவிப்புலனைக் கெடுக்கும் நோய் ஐரோப்பிய வம்சாவழியினரிடம் அதிகம், ஆபிரிக்கரிடம் அரிது. 1938 இல் நியூயோர்க்கின் ஜூலியஸ் லெம்பேர்ட் உட்காதில் புதியதொரு வாயிலைத் துளைத்து இதற்குப் பரிகாரம் கண்டார். 1956 இல் மெம்பிஸ் நகரின் ஜோன் ஷீ அந்த எலும்பையே அகற்றிவிட்டுச் செயற்கை உறுப்பைப் பொருத்திக் காட்டினார். சத்திரசிகிச்சை நுணுக்குக்காட்டியும் அதே காலத்தில் பரவலானது. அடுத்த இரு தசாப்தங்களில் காது மருத்துவ மாநாடுகளில் இந்த ஒற்றை எலும்பைப் பற்றிய பேச்சே ஓங்கி நின்றது. அந்தச் சத்திரசிகிச்சை அற்புதமானது. கேளாதிருந்தவர் மேசையில் படுத்தபடியே கேட்கத் தொடங்குவார். ஆனால் சீழ்? அது தீர்ந்துவிட்டதாகக் கருதப்பட்டது.

தீர்ந்ததா?

நாட்பட்ட சீழ்ச் செவியழற்சி என்பது மருத்துவர் வைத்த பெயர். ஊரில் நாம் சொல்வது 'காதிலே சீழ் வடிகிறது' என்றுதான். குழந்தைக்குத் தடிமன் வருகிறது. மூக்கிலிருந்து நடுக்காதுக்குச் செல்லும் குழாய் வழியே கிருமி ஏறுகிறது. சீழ் கட்டி, செவிப்பறை கிழிந்து வெளியே வடிகிறது. நல்ல உணவும் காற்றோட்டமான வீடும் வேளைக்கு மருந்தும் கிடைக்கும் பிள்ளைக்கு அந்தக் கிழிசல் பெரும்பாலும் தானாகவே மூடிவிடும். ஒரே அறையில் ஏழெட்டுப் பேர் படுத்துறங்கும் வீட்டில், அடுப்புப் புகைக்குள், அடுத்தடுத்துத் தடிமன் பிடிக்கும் பிள்ளைக்கு அது மூடுவதில்லை. மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் வடிகிறது. வெள்ளைப்பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெய் காதுக்குள் ஊற்றப்படுகிறது, கோழியிறகால் குடையப்படுகிறது. நாற்றத்துக்கு அஞ்சிப் பக்கத்தில் இருக்கும் பிள்ளை எழுந்து போகிறது. பின்வாங்கில் தனியே இருத்தப்படும் பிள்ளைக்கு ஆசிரியரின் குரல் எட்டுவதில்லை. ஏற்கெனவே பாதிக் காதுதான் கேட்கிறது. இப்போது அதுவும் இல்லை. கடைசியில் 'மொக்கு' என்ற பட்டம் மிஞ்சுகிறது.

உலக சுகாதார நிறுவனம் 2004 இல் இந்நோய் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. உலகில் 6.5 கோடி முதல் 33 கோடி வரையிலானோருக்குக் காதில் சீழ் வடிகிறது, அவர்களில் 60 வீதமானோருக்குச் செவிப்புலன் குன்றியிருக்கிறது என்று அது கூறியது. இந்த எண்களை வாசகர்கள் ஒருமுறை நிதானமாகப் பார்க்க வேண்டும். கீழெல்லைக்கும் மேலெல்லைக்கும் இடையே ஐந்து மடங்கு வித்தியாசம்! ஏந்தியுருவின் பாதத் தகட்டை மில்லிமீற்றரின் பின்னங்களில் அளக்கத் தெரிந்த ஒரு மருத்துவத் துறைக்கு, சீழ் வடியும் பிள்ளைகள் ஆறரைக் கோடியா முப்பத்துமூன்று கோடியா என்று சொல்லத் தெரியவில்லை. எண்ணுவதற்கு ஆள் அனுப்பினால்தானே தெரியும்?

குடிசனத்தில் 4 வீதத்துக்கு மேற்பட்டோருக்கு இந்நோய் இருந்தால் அது உடனடிக் கவனம் வேண்டும் பெரும் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்பது அந்நிறுவனத்தின் அளவுகோல். அந்த உச்ச வரிசையில் இந்தியா, தன்சானியா, சொலமன் தீவுகள், கிறீன்லாந்து ஆகியவற்றோடு அவுஸ்திரேலியாவின் பழங்குடி மக்களும் இடம்பெற்றிருந்தார்கள்.

அவுஸ்திரேலியாவில் சற்றுத் தங்க வேண்டும். ஏனெனில் என் வாதத்தின் இரு முனைகளும் அந்த ஒரே நாட்டில் சந்திக்கின்றன. 'கொக்லியர் இம்பிளான்ட்' எனப்படும் செவி உள்வைப்பின் வரலாறு உலகறிந்தது. 1957 இல் பாரிசில் ஜூர்னோ, எய்ரியே இருவரும் செவி நரம்புக்கு நேரே மின்சாரம் பாய்ச்சிப் பார்த்தனர். 1961 இல் லொஸ் ஏஞ்சலிசில் வில்லியம் ஹவுஸ் முதல் உள்வைப்புகளைச் செய்தார். அதைப் பேச்சை விளங்கிக்கொள்ளும் தரத்துக்கு உயர்த்தியோரில் முதன்மையானவர் மெல்பேர்ணின் கிரேம் கிளார்க். மருந்துக்கடை நடத்திய தம் தந்தை காது கேளாமல் பட்ட அவதியைப் பார்த்து வளர்ந்த அவர், 1978 இல் பல மின்வாய்களைக் கொண்ட உள்வைப்பை ஒரு நோயாளிக்குப் பொருத்தினார். அது நிறுவனமாகியது, ஏற்றுமதிப் பொருளாகியது, நாட்டின் பெருமையாகியது. இன்று உலகில் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட உள்வைப்புகள் பொருத்தப்பட்டுள்ளன. கிளார்க்குக்கும் வேறு இருவருக்கும் 2013 இல் அமெரிக்காவின் லாஸ்கர் விருது வழங்கப்பட்டது. தகுதியானவர்களுக்குத் தரப்பட்ட விருது.

அதே நாட்டின் வட பிராந்தியத்தில், ஒதுக்குப்புறப் பழங்குடிக் கிராமங்களில், பிறந்து சில மாதங்களேயான குழந்தைகளுக்குக் காதில் சீழ் வடியத் தொடங்குகிறது. அங்கு இந்நோயின் வீதம் உலகிலேயே மிக உயர்ந்தவற்றுள் ஒன்று. டார்வின் நகரிலுள்ள மென்சிஸ் சுகாதார ஆய்வு நிலையத்தார் பல தசாப்தங்களாக இதைப் பற்றி எழுதி வருகிறார்கள். மேற்கு அவுஸ்திரேலியாவில் இரு பழங்குடிக் கிராமங்களுக்கு நீச்சல் தடாகம் அமைத்துக் கொடுத்தபோது பிள்ளைகளின் செவிப்பறைக் கிழிசல்கள் குறைந்தன என்று 2003 இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. பின்னர் வேறிடங்களில் செய்து பார்த்தபோது அதே பலன் கிடைக்கவில்லை. தடாகம், சவர்க்காரம், வீட்டு நெருக்கடி, குழந்தையின் மூக்குச்சளி: இவை ஆராய்ச்சிப் பொருள்களாகுமா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். இவைதாம் இந்நோயின் ஆராய்ச்சிப் பொருள்கள். இவற்றுக்குக் காப்புரிமை பெற முடியாது என்பது மட்டுமே குறை.

இந்த இடத்தில் அறிவியலாளர் ஒரு மறுப்பைக் கூறுவார்கள். அதை நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். 'அடிப்படை ஆராய்ச்சியைப் பயன் பார்த்து ஏவ முடியாது. யாருக்கும் உதவாதது போலத் தோன்றும் ஆய்வே நாளை எல்லோருக்கும் உதவும்' என்பார்கள். உண்மைதான். ஹங்கேரியில் பிறந்த பெக்கேசி, இறந்தவர்களின் காதுகளை எடுத்து, உட்காதின் நத்தைச்சுருளில் ஒலியலை எவ்வாறு நகர்கிறது என்று கண்டறிந்தார். 1961 இல் நோபல் பரிசு பெற்றார். அதற்கு முன்னரே 1948 இல் தோமஸ் கோல்ட் என்னும் இளைஞர் வேறொன்றைச் சொன்னார். உயிருள்ள காது வெறுமனே ஒலியை வாங்கும் கருவியாக இருக்க முடியாது, அது தன் சக்தியைச் செலவிட்டு ஒலியைப் பெருக்க வேண்டும், அப்படியானால் காதிலிருந்தே ஒலி வெளிவரவும் கூடும் என்றார். எவரும் பொருட்படுத்தவில்லை. அவர் வானியலுக்குப் போய்விட்டார். முப்பது ஆண்டுகள் கழித்து, 1978 இல், லண்டனில் டேவிட் கெம்ப் அந்த ஒலியை ஒலிவாங்கியில் பிடித்துக் காட்டினார். இன்று பிறந்த சிசுவின் காதில் சிறு கருவியை வைத்து ஒருசில நிமிடங்களில் செவிப்புலனைச் சோதிக்கிறார்களே, அது இந்தக் கண்டுபிடிப்பின் விளைவுதான்.

ஆக, இந்தக் கதை மறுப்பாளருக்குச் சாதகமானதா? பாதிதான். அடிப்படை ஆராய்ச்சி வேண்டும் என்பதை அது காட்டுகிறது. கூடவே, ஒரு துறையின் நடைமுறை மோகம் உண்மையான கருத்தொன்றை முப்பது ஆண்டுகள் வாசலில் நிறுத்திவைக்கும் என்பதையும் அது காட்டுகிறது. 1950களிலும் 60களிலும் கட்டுரைகளை எண்ணி வரைபடம் கீறியிருந்தால் கோல்டின் கருத்து அதில் தெரிந்திருக்குமா? எண்ணிக்கை என்பது அக்காலத்தவர் எதைப் பார்த்தார்கள் என்பதற்குச் சாட்சி. எது இருந்தது என்பதற்குச் சாட்சி அன்று.

மயிர்க்கலங்களின் கதையையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பறவைகளின் உட்காதில் அழிந்த மயிர்க்கலங்கள் மீண்டும் முளைக்கின்றன என்று 1988 இல் கண்டறியப்பட்டது. மனிதருக்கும் முளைக்க வைக்கலாம் என்ற நம்பிக்கையில் பெருந்தொகைப் பணம் இறங்கியது. அதிகம் பேசப்பட்ட மருந்துகளில் ஒன்றான எப்எக்ஸ் 322, 2023 இல் பரிசோதனையில் தோற்றது. தோல்வி குற்றமன்று; அறிவியல் அப்படித்தான் நடக்கும். முதலீட்டாளரின் பணத்தை முதலீட்டாளர் தொலைக்கட்டும். ஆனால் இந்த முப்பத்தைந்து ஆண்டுகளில் 'போக்கு' என்ற பெயரில் திறமையான இளம் ஆய்வாளர்கள் எந்தத் திசைக்கு இழுக்கப்பட்டார்கள் என்பதை யார் கணக்கிடுவது?

மறதிநோய் விடயம் எனக்கு உண்மையிலேயே எரிச்சலூட்டுவது. செவிப்புலன் குன்றிய முதியோருக்கு மறதிநோய் அதிகம் வருகிறது என்று 2011 இல் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார் வெளியிட்டதிலிருந்து கட்டுரைகள் வெள்ளமெனப் பாய்கின்றன. 2023 இல் ஏறத்தாழ ஆயிரம் முதியோரிடம் மூன்றாண்டுகள் நடத்தப்பட்ட பரிசோதனையில், செவிப்புலன் கருவி தருவதால் அறிவாற்றல் குன்றுவது குறையவில்லை என்பதே முழுக்குழுவுக்குமான முடிவு. ஏற்கெனவே ஆபத்து அதிகமாயிருந்த ஒரு பகுதியினரிடம் மட்டும் அது 48 வீதம் மந்தமடைந்தது. தலைப்புச் செய்திகளில் ஏறியது 48 மட்டுமே. அது கிடக்கட்டும். என் கேள்வி வேறு. பேரப்பிள்ளையின் மழலை கேளாத கிழவிக்கு அது கேட்க வேண்டும் என்பது தன்னளவில் போதுமான காரணமில்லையா? செல்வந்த நாடுகள் அஞ்சுகின்ற மற்றொரு நோயோடு முடிச்சுப் போட்ட பிறகுதானா செவிடு ஒரு துன்பமாகத் தெரிய வேண்டும்? செவிப்புலன் கருவி தேவைப்படுவோரில் 17 வீதத்தினரே அதைப் பயன்படுத்துகிறார்கள் என்று 2021 இல் உலக சுகாதார நிறுவனத்தின் செவிப்புலன் அறிக்கை சொன்னது. சிசுக்களைச் சோதித்துக் குறை கண்டுபிடிப்பது நல்லதுதான். கண்டுபிடித்த பின் கொடுப்பதற்கு என்ன வைத்திருக்கிறோம்?

இரைச்சலும் இதே கதைதான். கிளாஸ்கோவின் கொதிகலன் தொழிலாளர் நூறு பேரைச் சோதித்து, அவர்களில் ஒருவருக்கேனும் இயல்பான செவிப்புலன் இல்லை என்று 1886 இலேயே தோமஸ் பார் எழுதிவிட்டார். அமெரிக்காவில் தொழிற்சாலை இரைச்சலுக்கு நாடளாவிய சட்ட எல்லை விதிக்க 1970களின் தொடக்கம் வரை செல்ல வேண்டியிருந்தது. இரைச்சல் மீண்டும் பேசுபொருளானது நடுத்தர வர்க்கத்துப் பிள்ளைகளின் காதில் இசைக்கருவி ஏறிய பிறகு.

நான் புதிய சிகிச்சைகளுக்கு எதிரானவனல்லன். ஓட்டோபெர்லின் என்னும் புரதத்தை ஆக்கும் மரபணுவில் ஏற்பட்ட பழுதால் பிறவியிலேயே கேளாதிருந்த ஆறு குழந்தைகளுக்கு ஷங்காய் நகரில் மரபணுச் சிகிச்சை அளித்து, அவர்களில் ஐவர் கேட்கத் தொடங்கிய செய்தி 2024 ஜனவரியில் வெளியானபோது மகிழாதவன் கல்நெஞ்சன். பிறவிச் செவிடர்களுள் இந்த ஒரு மரபணுவால் பாதிக்கப்பட்டவர்கள் சிறு பங்கினரே என்பது அந்த மகிழ்ச்சியைக் குறைக்காது. சொந்தத்துக்குள் மணம் முடிக்கும் வழக்கமுள்ள எமது சமூகத்துக்குப் பிறவிச் செவிடு பற்றிய எந்த ஆய்வும் அந்நியமானதன்று. விலையுயர்ந்த உள்வைப்பையும் ஏழைக்குக் கொடுக்கலாம் என்பதற்குத் தமிழ்நாடே சான்று. அங்கு அரசின் காப்புறுதித் திட்டத்தின் கீழ் ஏழைக் குழந்தைகளுக்கு அது இலவசமாகப் பொருத்தப்படுகின்றது. அரசு நினைத்தால் முடியும். அப்படியானால், அதைவிட நூறு மடங்கு மலிவான காரியத்துக்கு ஏன் எவரும் நினைப்பதில்லை?

மலிவான காரியம் எது என்பதைச் சொல்லிவிடுகிறேன். 1996 இல் கென்யாவின் கியாம்பு மாவட்டத்தில் 145 ஆரம்பப் பாடசாலைகளைச் சேர்ந்த 524 பிள்ளைகளிடம் ஒரு பரிசோதனை நடத்தப்பட்டு 'லான்செட்' சஞ்சிகையில் வெளிவந்தது. காதைத் துடைத்து உலர்த்துவதோடு சொட்டு மருந்தும் வாய்வழி மருந்தும் பெற்ற பிள்ளைகளில் பாதிப்பேருக்குச் சீழ் நின்றது. வெறுமனே துடைத்து உலர்த்திய பிள்ளைகளில் 22 வீதத்தினருக்கே நின்றது; ஒன்றும் செய்யாமல் விடப்பட்டோருக்கும் அதே 22 வீதம். மிகவும் பயனுள்ள, மிகவும் கவலை தரும் முடிவு. சிறந்த சிகிச்சை பெற்றும் பாதிப்பேருக்கு நிற்கவில்லை. அப்படியானால் எந்த மருந்து, எத்தனை நாள், யார் இடுவது, துடைப்பதால் மருந்து நன்றாக இறங்குகிறதா? அடுத்த பத்தாண்டுகளில் இக்கேள்விகளைப் பத்து நாடுகளில் கேட்டு முடித்திருக்க வேண்டாமா?

2020, 2021 ஆம் ஆண்டுகளில் கொக்ரேன் அமைப்பினர் இந்நோய்க்கான சிகிச்சைகள் பற்றி அதுவரை நடந்த பரிசோதனைகள் அனைத்தையும் திரட்டி மதிப்பிட்டார்கள். சொட்டு மருந்து, கிருமிநீக்கித் திரவம், காதைச் சுத்தம் செய்தல் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, கிடைத்த சான்றுகளிற் பெரும்பாலானவை மிகவும் உறுதி குறைந்தவை என்றே எழுத வேண்டியிருந்தது. வில்லியம் வைல்ட் தமது நூலை வெளியிட்டு நூற்று அறுபத்தேழு ஆண்டுகள் கழிந்த பின்னர் வந்த முடிவு இது.

கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் மதுரையிலும் காது, மூக்கு, தொண்டைத் துறையில் பட்டப்பின் படிப்புக்கு ஆய்வுத் தலைப்புத் தேடும் இளம் வைத்தியர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள். எந்தத் தலைப்பை எடுத்தால் வெளிநாட்டுச் சஞ்சிகை ஏற்கும் என்று மேற்பார்வையாளரைக் கேட்கிறார்கள். அவரும் அந்த ஏறுகின்ற கோட்டைத்தான் பார்த்துப் பதில் சொல்கிறார். அவர்களுடைய வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் காதில் பஞ்சடைத்த பிள்ளையோடு ஒரு தாய் காத்திருக்கிறாள். பெரிய ஆய்வுகூடம் வேண்டாம். ஒரு காதுநோக்கி, சிப்ரோபிளொக்சசின் சொட்டு மருந்து, ஒரு பதிவேடு, பக்கத்துப் பாடசாலைகள் பதினைந்து, ஓராண்டு காலம். மேற்பார்வையாளர்கள் அடுத்த முறை அந்தத் தலைப்பைச் சொல்லட்டும்.